பாங்காக்கில் அம்மாவுடன் பன்னிரண்டு நாள்

பாங்காக்கில் வேலை கிடைத்திருக்கிறது என்று நான் சொன்னபோது அம்மா சம்பளம் எவ்வளவு என்று கேட்கவில்லை. "சயாமுக்கா? அங்க போனவங்க நம்ம வீட்ல ஏற்கெனவே ஒருத்தர் திரும்பி வரலையேம்மா" என்றார்.

அம்மா தன் தாத்தாவைச் சொன்னார். 1943-இல், சுங்கை பட்டாணிக்குப் பக்கத்தில் இருந்த ஒரு தோட்டத்திலிருந்து, ரயில் பாதை போட ஜப்பான்காரர்கள் கொண்டுபோன பால்மரத் தொழிலாளர்களில் அவரும் ஒருவர். மூன்று மாத வேலை என்றுதான் சொன்னார்களாம். இறந்துவிட்டார் என்று யாரும் வந்து சொல்லவில்லை. இருக்கிறார் என்றும் சொல்லவில்லை. அதனால் அம்மாவின் பாட்டி கடைசி வரை குங்குமத்தை அழிக்கவில்லை.

நான் இங்கே ஒரு மின்னியல் நிறுவனத்தில் தர ஆய்வுப் பொறியாளராக வேலைக்குச் சேர்ந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. மூன்று ஆண்டுகள் அழைத்தும் அம்மா வரவில்லை. கடந்த ஆண்டு ஆகஸ்டில், என்ன நினைத்தாரோ, "சரி, வர்றேன். ஆனா விமானம் வேணாம், ரயில்ல வர்றேன். அவர் ரயில்லதானே போனார்" என்றார்.

அம்மா வருவதற்கு முன், அவருக்காக ஒரு நோட்டுப் புத்தகத்தில் நான்கு பக்கங்களுக்குக் குறிப்பு எழுதினேன். நான்கு ஆண்டுகளில் நான் பட்டுத் தெரிந்துகொண்டது எல்லாம் அதில் இருந்தது. வேலைக்காக இங்கே வரும் நம் பிள்ளைகளுக்கும், அவர்களைப் பார்க்க வரும் பெற்றோருக்கும் அது பயன்படும் என்பதால் இங்கே பகிர்ந்துகொள்கிறேன். அந்தப் பன்னிரண்டு நாளில் அம்மா எனக்குச் சொல்லிக்கொடுத்ததும் இதில் சேர்ந்திருக்கிறது.

எல்லையில் கடிகாரத்தைப் பாருங்கள்

ஊருக்குப் போய் நானே அம்மாவை அழைத்து வந்தேன். சுங்கை பட்டாணியிலிருந்து பாடாங் பெசார் வரை இடிஎஸ் ரயில் இருக்கிறது. மலேசியக் குடிநுழைவு முகப்பு, தாய்லாந்துக் குடிநுழைவு முகப்பு இரண்டும் பாடாங் பெசார் நிலையத்திலேயே இருக்கின்றன. பாங்காக் செல்லும் படுக்கை ரயில் மாலையில் அங்கிருந்து புறப்பட்டு மறுநாள் காலையில் போய்ச் சேருகிறது.

தாய்லாந்து நேரம் நம் நேரத்தைவிட ஒரு மணி நேரம் பின்தங்கியது. பாங்காக் ரயிலின் டிக்கெட்டில் இருப்பது தாய்லாந்து நேரம்; இடிஎஸ் டிக்கெட்டில் இருப்பது மலேசிய நேரம். போகும்போது குழம்பினால் ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருப்பீர்கள், அவ்வளவுதான். திரும்பி வரும்போது குழம்பினால் இடிஎஸ் ரயிலைக் கோட்டை விட்டுவிடுவீர்கள்.

தாய்லாந்துக்குள் நுழையும் வெளிநாட்டவர் அனைவரும் 2025 மே 1 முதல் மின்னியல் வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும். ரயிலில் வந்தாலும் காரில் வந்தாலும் இது உண்டு. போய்ச் சேரும் நாளுக்கு முந்தைய மூன்று நாள்களுக்குள் நிரப்ப வேண்டும். இதற்குக் கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் இணையதளம் எதுவானாலும் அதை மூடிவிடுங்கள். விசா இல்லாமல் எத்தனை நாள் தங்கலாம் என்ற விதி அவ்வப்போது மாறுகிறது. எனவே பயணத்துக்கு முன் தாய்லாந்துத் தூதரகத்தின் இணையப் பக்கத்தை ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

ரயிலில் வயதானவர்களுக்குக் கீழ்ப்படுக்கை எடுங்கள். விலை சற்று கூடுதல். ஆனால் அகலமாக இருக்கும், சன்னலும் கிடைக்கும். சாப்பாடு கட்டிக்கொண்டு போவது நல்லது. அம்மா புளிச்சோறும் அவித்த முட்டையும் கொண்டு வந்திருந்தார்.

மறுநாள் காலை நான் கண் விழித்தபோது அம்மா சன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். ராட்சபுரி தாண்டியதும் பான் போங் என்று ஓர் ஊர் வரும் என்று முதல் நாளே சொல்லியிருந்தேன். மலாயாவிலிருந்து சரக்குப் பெட்டிகளில் அடைத்துக் கொண்டுவரப்பட்டவர்களை இறக்கிய ஊர் அது. அதன் பக்கத்திலிருந்துதான் பர்மாவின் தான்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர் பாதையை 1942-லும் 1943-லும் போட்டார்கள்.

நிலையம் வந்தது, போனது. "சின்ன ஊராத்தான் இருக்கு" என்றார் அம்மா. பிறகு பாங்காக் வரும் வரை பேசவில்லை.

ரயில் இப்போது போய் நிற்பது கிருங் தெப் அபிவாட் என்ற புதிய நிலையத்தில். 2023 ஜனவரியில் தொலைதூர ரயில்கள் அங்கே மாற்றப்பட்டன. பழைய ஹுவா லம்போங் நிலையத்தை நம்பித் தங்குவதற்கு விடுதி எடுத்து ஏமாந்தவர்கள் பலர். புதிய நிலையத்திலேயே எம்ஆர்டி நீல வழித்தட ரயில் இருக்கிறது.

தாள் விஷயம்

வீட்டுக்கு வந்ததும் நான் செய்த முதல் வேலை, அம்மாவின் கடப்பிதழை எடுத்துக்கொண்டு கீழே கொண்டோ அலுவலகத்துக்குப் போனதுதான். வெளிநாட்டவர் ஒருவர் வந்து தங்கினால், 24 மணி நேரத்துக்குள் வீட்டு உரிமையாளர் குடிநுழைவுத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். டிஎம் 30 என்பார்கள். விடுதியில் தங்கினால் விடுதிக்காரரே செய்துவிடுவார். பிள்ளைகள் வீட்டில் தங்கும் பெற்றோருக்குத்தான் இது விட்டுப்போகும். விட்டுப்போனால் பின்னால் விசா புதுப்பிக்கப் போகும்போது நமக்குத்தான் தலைவலி. வாடகை ஒப்பந்தம் போடும்போதே, "டிஎம் 30 பதிவை யார் செய்வார்கள்?" என்று கேட்டுவிடுங்கள்.

வாடகை ஒப்பந்தம் என்றதும் இன்னும் இரண்டு கேள்விகள். இங்கே வழக்கம் இரண்டு மாத வைப்புத்தொகை, ஒரு மாத முன்பணம். அந்த வைப்புத்தொகை எந்தெந்தக் காரணத்துக்குப் பிடிக்கப்படும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். மின்சாரக் கட்டணம் மின்சார வாரியத்தின் விலையிலா, கட்டட உரிமையாளர் வைத்த விலையிலா என்றும் கேளுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மாதக் கடைசியில், குளிர்சாதனம் ஓடிய பிறகுதான் தெரியும்.

நீண்டகால விசாவில் இருப்பவர்கள் 90 நாள்களுக்கு ஒருமுறை தங்கள் முகவரியைத் தெரிவிக்க வேண்டும். நாள் வருவதற்கு 15 நாள் முன்பிருந்து, நாள் கடந்து 7 நாள் வரை அவகாசம் உண்டு. தாமதமானால் 2,000 பாட் அபராதம். முதல் முறை நேரில் போக வேண்டும். பிறகு இணையத்திலேயே செய்யலாம். பாங்காக்கில் அந்த அலுவலகம் சேங் வத்தனா அரசாங்க வளாகத்தில் இருக்கிறது. முன்பு டாக்சி இல்லாமல் போக முடியாத இடம். இப்போது இளஞ்சிவப்பு வழித்தட ரயில் அந்தப் பக்கம் போகிறது. கடப்பிதழின் நகல்களை வீட்டிலேயே எடுத்து, ஒவ்வொன்றிலும் கையொப்பமிட்டு எடுத்துப் போங்கள்.

அடுத்தது, நான் செய்த தவறு. இதை மட்டுமாவது நினைவில் வையுங்கள்.

நான் இங்கு வந்த முதல் ஆண்டு. ஒரு செவ்வாய்க்கிழமை இரவு தம்பி அழைத்தான், அப்பா தவறிவிட்டார். கிடைத்த முதல் விமானத்தில் ஊருக்குப் போனேன். காரியம் முடித்து இரண்டு வாரம் கழித்துத் திரும்பினால், விமான நிலையத்தில் அதிகாரி என் கடப்பிதழைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "உங்கள் விசா முடிந்துவிட்டதே" என்றார். ஓராண்டு விசா கையில் இருந்தாலும், நாட்டை விட்டு வெளியே போகும் முன் மறுநுழைவு அனுமதி எடுக்காவிட்டால், வெளியேறிய நொடியிலேயே அந்த விசா ரத்தாகிவிடும். எனக்கு அது தெரியாது. மறுபடி முதலிலிருந்து எல்லாவற்றையும் எடுக்க ஏறக்குறைய இரண்டு மாதம் ஆனது. அப்பாவுக்காக அழ வேண்டிய நாள்களில் நான் படிவம் நிரப்பிக்கொண்டிருந்தேன்.

ஒரு முறை போய்வர 1,000 பாட், விசாக் காலம் முடியும் வரை எத்தனை முறையும் போய்வர 3,800 பாட். சுவர்ணபூமி விமான நிலையத்திலும் அதற்கு ஒரு முகப்பு இருக்கிறது. ஆனால் அவசரத்தை நம்பாதீர்கள். விசா கையில் கிடைத்த அன்றே 3,800 பாட்டைக் கட்டிவிடுங்கள். மரணச் செய்தி நேரம் பார்த்து வருவதில்லை.

மறுநாள் கொண்டோ அலுவலகத்துப் பெண் அம்மாவின் டிஎம் 30 தாளைக் கொண்டுவந்து கொடுத்தார். "என்னம்மா இது?" என்று அம்மா கேட்டார். நீங்கள் இந்த வீட்டில் தங்கியிருக்கிறீர்கள் என்று அரசாங்கத்தில் பதிந்திருக்கிறார்கள் என்றேன். தன் பெயர் எங்கே இருக்கிறது என்று கேட்டு, விரல் வைத்துப் பார்த்தார்.

"எங்க தாத்தா பேரை இப்படி யாரும் எழுதி வைக்கலையே" என்று சொல்லிவிட்டு, அந்தத் தாளை நான்காக மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார். நான்கு ஆண்டுகளாக இந்த நாட்டின் படிவங்களைத் திட்டிக்கொண்டிருந்தவள் நான். அன்றைக்கு வாயை மூடிக்கொண்டேன்.

ஊருக்குள் போக வர

பாங்காக்கில் நெரிசல் நேரத்தில் டாக்சி ஏறுவது, காசு கொடுத்து நடுச்சாலையில் உட்காருவதற்குச் சமம். மேலே ஓடும் பிடிஎஸ், கீழே ஓடும் எம்ஆர்டி, ஆற்றில் ஓடும் படகு ஆகிய மூன்றையும் சேர்த்துப் பயன்படுத்தக் கற்றுக்கொண்டால் ஊர் பாதியாகச் சுருங்கிவிடும். எம்ஆர்டியில் உங்கள் வங்கி அட்டையையே தட்டி உள்ளே போகலாம். பிடிஎஸ் ரயிலுக்கு ரேபிட் அட்டை வாங்கிக்கொள்ளுங்கள். வாங்கும்போது கடப்பிதழைக் கேட்பார்கள்.

டாக்சியில் ஏறும் முன் மீட்டர் போடுவாரா என்று கேளுங்கள். தலையசைக்காவிட்டால் அடுத்த டாக்சி. சாதாரண டாக்சியின் மீட்டர் 35 பாட்டில் தொடங்கும். கிராப், போல்ட் இரண்டும் இங்கே உண்டு. சந்து முனைகளில் ஆரஞ்சு மேலங்கி அணிந்து நிற்பவர்கள் மோட்டார்சைக்கிள் டாக்சிக்காரர்கள். அம்மா அதில் ஏற மாட்டார் என்று நினைத்தேன். இரண்டாம் நாளே ஏறினார். தோட்டத்தில் அப்பாவின் மோட்டார்சைக்கிளுக்குப் பின்னால் முப்பது ஆண்டுகள் உட்கார்ந்து வந்தவர் அல்லவா!

பணத்துக்கு ஒரு நல்ல செய்தி. சாலையோரப் பழக்கடையில்கூட கியூஆர் குறியீடு வைத்திருக்கிறார்கள். நம் டுயிட்நவ் வசதியுள்ள பல வங்கிச் செயலிகளும் மின்பணப்பைகளும் அந்தத் தாய்லாந்துக் குறியீட்டில் வேலை செய்கின்றன. சிங்கப்பூரின் சில வங்கிச் செயலிகளும் அப்படியே. வெளிநாட்டு அட்டை போட்டுப் பண இயந்திரத்தில் எடுத்தால், ஒவ்வொரு முறையும் 200 பாட்டுக்கு மேல் கட்டணம் பிடிப்பார்கள்.

காலை 8 மணிக்கும் மாலை 6 மணிக்கும் ரயில் நிலையங்களிலும் பூங்காக்களிலும் தேசிய கீதம் ஒலிக்கும். எல்லாரும் நின்றுவிடுவார்கள், நீங்களும் நில்லுங்கள். அரச குடும்பத்தைப் பற்றிக் கேலியாகப் பேசுவதோ எழுதுவதோ சட்டப்படி கடுங்குற்றம்.

சாப்பாடும் மாத்திரையும்

நம்மில் பலர் மாட்டிறைச்சி சாப்பிடுவதில்லை. "மை கின் நுவா" என்றால் மாட்டிறைச்சி சாப்பிட மாட்டேன் என்று பொருள். பெண்கள் பின்னால் ஒரு "கா", ஆண்கள் ஒரு "க்ராப்" சேர்த்தால் மரியாதை. சைவம் சாப்பிடுபவர்களுக்கு இன்னொரு சிக்கல், மீன் சாறு. காய்கறிப் பிரட்டலிலும் அதை ஊற்றிவிடுவார்கள். "மை சை நாம் ப்லா" என்று சொல்லுங்கள். மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்து போட்ட "ஜே" கடைகளில் கவலையே வேண்டாம். இறைச்சி, மீன், முட்டை மட்டுமல்ல, பூண்டு வெங்காயம்கூட இருக்காது.

மூன்றாம் நாள் அம்மா பால் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, "ஏம்மா, இந்தப் பால் 2568 வரைக்கும் கெடாதா?" என்று கேட்டார். தாய்லாந்தில் புத்த ஆண்டு. அதில் 543-ஐக் கழித்தால் நம் ஆண்டு வரும். 2568 என்றால் 2025. சில பொருள்களில் 68 என்று மட்டும் இருக்கும். மருந்து வாங்கும்போது இதைக் கட்டாயம் பாருங்கள்.

மருந்து என்றதும் அம்மாவின் இரத்த அழுத்த மாத்திரை நினைவுக்கு வருகிறது. பன்னிரண்டு நாளுக்கான மாத்திரையை எண்ணி எடுத்து வைத்துவிட்டு, வீட்டு மேசையிலேயே விட்டு வந்திருந்தார். மருந்தகத்தில் அந்த மாத்திரையின் வணிகப் பெயரைச் சொன்னேன், மருந்தாளருக்குத் தெரியவில்லை. தம்பி மாத்திரை அட்டையைப் படமெடுத்து அனுப்பினான். கீழே சின்ன எழுத்தில் இருந்த அம்லோடிபின் 5 மில்லிகிராம் என்ற பெயரைக் காட்டியதும் ஒரே நிமிடத்தில் எடுத்துக் கொடுத்தார். பெற்றோரின் மருந்துகளுக்கு மூலப்பெயரும் அளவும் எழுதிய தாள் ஒன்று உங்கள் பணப்பையில் இருக்கட்டும். மருத்துவரின் சீட்டும் உடன் இருக்கட்டும்; வலி மாத்திரைகளில் சில இங்கே கட்டுப்படுத்தப்பட்டவை.

பெரிய தனியார் மருத்துவமனைகளில் ஆங்கிலத்தில் பேசிச் சமாளிக்கலாம். ஆனால் சேர்க்கும் முன் வைப்புத்தொகையோ காப்புறுதி உறுதிக் கடிதமோ கேட்பார்கள். வயதானவர்களுக்குப் பயணக் காப்புறுதி எடுக்காமல் புறப்படாதீர்கள். ஆம்புலன்சுக்கு 1669, சுற்றுலாக் காவலருக்கு 1155, காவல்துறைக்கு 191.

இளைஞர்களுக்கு இரண்டு வார்த்தை. மின்சிகரெட்டைத் தாய்லாந்துக்குள் கொண்டுவருவது குற்றம். கஞ்சா இலைப் படம் போட்ட பலகையை இங்கே கடைத்தெருவில் பார்க்கலாம். பானத்திலும் பிஸ்கட்டிலும்கூடக் கலந்திருக்கக்கூடும். அதைக் கொஞ்சமும் நம் நாட்டுக்குக் கொண்டுவர நினைக்காதீர்கள். சிங்கப்பூர்க் குடிமக்கள் வெளிநாட்டில் உட்கொண்டாலே அது அவர்கள் நாட்டுச் சட்டப்படி குற்றம்.

கடைத்தெரு

வார இறுதி என்றால் சாதுசாக் சந்தை. சனி, ஞாயிறுகளில் முழுச் சந்தையும் திறந்திருக்கும். ஒரு பொருளைப் பார்த்துவிட்டு, "திரும்பி வரும்போது வாங்கலாம்" என்று நடந்தால் அந்தக் கடையை மறுபடி கண்டுபிடிக்க முடியாது. பகுதி எண்ணைக் கைப்பேசியில் படமெடுத்துக்கொள்ளுங்கள். குடும்பமாகப் போனால், தொலைந்தவர்கள் மணிக்கூண்டுக்கு வந்துவிட வேண்டும் என்று முதலிலேயே பேசிவைத்துக்கொள்ளுங்கள். பேரம் பேசலாம், ஆனால் சிரித்துக்கொண்டு. குரலை உயர்த்தினால் விலை இறங்காது.

புத்தர் சிலை வாங்கினால், அதை நாட்டுக்கு வெளியே கொண்டுபோக நுண்கலைத் துறையின் அனுமதி வேண்டும். அம்மா ஒரு சின்னச் சிலையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, நல்லவேளையாக இது நினைவுக்கு வந்தது.

பேரங்காடியில் ஒரே கடையில் ஒரே நாளில் 2,000 பாட்டுக்கு மேல் வாங்கும் சுற்றுப்பயணிகள், 7 விழுக்காடு வரியில் ஒரு பகுதியைத் திரும்பப் பெறலாம். நானும் அம்மாவுக்குப் பட்டுத் துணி எடுத்துவிட்டுப் படிவத்தை வாங்கி வைத்தேன். பிறகுதான் தெரிந்தது, அந்தப் பணம் விமானத்தில் வெளியேறுபவர்களுக்கு மட்டும். ரயிலில் போகும் அம்மாவுக்குக் கிடையாது. "வரி கட்டினா கட்டினதுதான். விடும்மா" என்றார்.

நம் சாமான்களுக்குப் பஹுராட் போங்கள். சாம் யோட் எம்ஆர்டி நிலையத்திலிருந்து நடக்கும் தூரம். அது பாங்காக்கின் லிட்டில் இந்தியா. துணிக்கடைகளுக்கு நடுவே பருப்பு, கறிவேப்பிலை, சாம்பிராணி, குங்குமம் எல்லாம் கிடைக்கும். சீனர்களின் சம்பெங் மொத்தக் கடைச் சந்தும் பக்கத்திலேயே இருக்கிறது.

பத்தாம் நாள் அங்கே போனபோது அம்மா கையில் ஒரு பட்டியல் இருந்தது. வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், சூடம், ஒரு சுருட்டு. "தாத்தா சுருட்டு குடிப்பாராம். அப்பா சொல்லியிருக்கார்" என்றார். வெற்றிலை தாய்லாந்துக்காரர்களுக்கும் பழக்கமானதுதான். அவர்கள் "ப்லூ" என்பார்கள். ஆற்றோரம் இருக்கும் பாக் க்லோங் தலாட் பூச்சந்தையில் வெற்றிலையோடு பாக்கும் செவ்வந்தி மாலையும் வாங்கினோம். சூடம் பஹுராட்டில் கிடைத்தது. சுருட்டுக்குத்தான் அலைந்தோம். கடைசியில், பேரங்காடியில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த ஒரு வெளிநாட்டுச் சுருட்டை, சொல்ல வெட்கமாக இருக்கும் விலைக்கு வாங்கினேன். அம்மா விலையைக் கேட்கவில்லை.

அன்று மாலை சீலோம் சாலையில் இருக்கும் மகா மாரியம்மன் கோயிலுக்குப் போனோம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கு வந்த தமிழர்கள் கட்டிய கோயில். வரிசையில் எங்களுக்கு முன்னால் நின்ற பத்துப் பேரும் தாய்லாந்துக்காரர்கள். உள்ளே படம் எடுக்கக் கூடாது. டாக்சிக்காரரிடம் மாரியம்மன் கோயில் என்றால் புரியாது. "வாட் கேக்" என்று சொல்ல வேண்டும். நாம் தின்னும் கேக் இல்லை. இந்தியர், மலாய்க்காரர் போன்றவர்களை அவர்கள் அழைக்கும் சொல் அது. அதற்கு விருந்தாளி என்ற பொருளும் உண்டு.

"விருந்தாளியா?" என்று அம்மா இரண்டு முறை கேட்டார்.

காஞ்சனபுரி

பதினோராம் நாள். தொன்புரி நிலையத்திலிருந்து காலையில் காஞ்சனபுரி வழியாக நாம் டோக் வரை ஒரு ரயில் போகிறது. வெளிநாட்டவருக்கு 100 பாட். மூன்றாம் வகுப்பு, மின்விசிறிதான், சன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளலாம். சுற்றுலா வேன்கள் கேட்கும் விலையோடு ஒப்பிட்டால் இதுவே மேல். பிள்ளைகளை அழைத்துப் போகிறவர்கள் குவாய் ஆற்றுப் பாலத்தைத் தாண்டி, மலையோரமாகப் போகும் தாம் கிரசே மரப்பாலம் வரை போய்வரலாம். நாங்கள் காஞ்சனபுரியிலேயே இறங்கிக்கொண்டோம்.

நிலையத்திலிருந்து சிறிது தூரம் நடந்தால் போர்க் கல்லறை. ஏறக்குறைய 7,000 கைதிகள் அங்கே புதைக்கப்பட்டிருக்கிறார்கள். பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, டச்சு வீரர்கள். ஒவ்வொரு கல்லிலும் பெயர், வயது, இறந்த நாள். புல் ஒரே அளவில் வெட்டப்பட்டிருந்தது. அம்மா ஒரு வரிசை முழுக்க மெதுவாக நடந்தார். வயதை மட்டும் வாய்விட்டுப் படித்தார். "இருபத்தி மூணு. இருபத்தி ஆறு. இருபத்தி ஒண்ணு." வரிசை முடிந்ததும் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"நம்ம ஆளுங்க எங்கம்மா?"

மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் பல்லாயிரம் பேர் அந்தப் பாதையில் காலராவிலும் பட்டினியிலும் இறந்தார்கள். அவர்களுக்கு இப்படிப் பெயர் எழுதிய கல் கிடையாது. கல்லறைக்குப் பக்கத்தில் இருக்கும் வாட் தாவோன் வராராம் என்ற புத்தக் கோயிலில், ஆசியத் தொழிலாளர்களின் எலும்புகளைச் சேர்த்துப் புதைத்த இடம் ஒன்று இருக்கிறது. தமிழர்களின் நினைவாக 2023-இல் ஒரு நடுகல்லும் அங்கே நிறுவப்பட்டிருக்கிறது. காஞ்சனபுரிக்குப் போகும் நம்மவர் பலர் பாலத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். பத்து நிமிடம் ஒதுக்கி இங்கேயும் போய் வாருங்கள்.

அம்மா செருப்பைக் கழற்றினார். வெற்றிலையை விரித்து, பாக்கும் பழமும் வைத்து, சூடம் ஏற்றினார். சுருட்டை உறையிலிருந்து எடுத்து வெற்றிலையின் ஓரத்தில் வைத்தார். பிறகு அவர் பெயரையும், அவருடைய அப்பா பெயரையும், தோட்டத்தின் பெயரையும் உரக்கச் சொன்னார். பெயர் கொடுத்துப் பதிகிற மாதிரி, ஒவ்வொன்றாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னார். அந்தப் பெயர்களை அம்மா இதற்கு முன் என்னிடம் சொன்னதில்லை.

வளாகத்தைப் பெருக்கிக்கொண்டிருந்த ஒரு வயதான பெண்மணி துடைப்பத்தை ஓரமாகச் சாய்த்துவிட்டு, சூடம் அணையும் வரை கைகூப்பி நின்றார். பிறகு உள்ளே போய் அம்மாவுக்கு ஒரு நாற்காலியும் தண்ணீரும் கொண்டுவந்தார். அம்மாவுக்கு அவர் மொழி தெரியாது. நான் சொல்லிக்கொடுத்திருந்த "காப் குன் கா" என்ற நன்றிச் சொல்லை அப்போதுதான் முதல் முறையாகச் சொன்னார்.

திரும்பும் ரயிலில் அம்மா தூங்கினார். இரண்டு நாள் கழித்து ஊருக்குப் போனதும், பாட்டியின் படத்துக்கு முன்னால் அந்த டிஎம் 30 தாளை வைத்ததாகத் தம்பி சொன்னான். அதில் இருப்பது அம்மாவின் பெயர்தான். ஆனாலும் அதை எடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம்.

இந்தத் தைப்பூசத்துக்கு ஊருக்குப் போக டிக்கெட் எடுத்துவிட்டு அம்மாவை அழைத்தேன். எப்போது வருகிறாய், எத்தனை நாள் லீவு என்றுதான் முதலில் கேட்பார் என்று நினைத்தேன்.

"அந்தத் திரும்பி வர்ற தாளு எடுத்துட்டியாம்மா?" என்று கேட்டார்.

எடுத்துவிட்டேன் என்றேன். "எதுக்கும் இன்னொரு தரம் பாத்துக்க" என்றார்.